ஒரே பெயர் போதும் என்றார்கள்

அக்கா,

இன்று காலை உங்களைச் சுருட்டிக் கயிறு கட்டி ஜீப்பில் அனுப்பியிருந்தார்கள். பிரித்ததும் ஆபீஸ் முழுக்கப் புது பிளெக்ஸ் வாசனை. தலை வலிக்கிற வாசனை. தரையில் விரித்து நான்கு மூலையிலும் எடைக்கல்லை வைத்த பிறகுதான் முகம் தெரிந்தது. ஆள் உயரத்துக்கு நீங்கள். கழுத்தில் பாசிமணி, தலையில் ஒரு இறகு, கையில் மூங்கில் கூடை. கீழே பெரிய எழுத்தில் ‘எங்கள் மலைமகள்’. அதற்கும் கீழே கம்பெனியின் முத்திரை. உங்கள் பெயரைத் தேடினேன். முன்பக்கம் இல்லை. பின்பக்கம் திருப்பியும் பார்த்தேன். அச்சடித்த கடையின் பெயர் இருந்தது, உங்களுடையது இல்லை.

சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மனிதவளத் துறையில் புதிதாக வந்திருக்கும் பெண்தான் எடுத்தாள். “பேர் வேண்டாம் மேடம். பேர் போட்டா ஒரு தனி ஆளோட படமா ஆயிடும். இது மலை மக்கள் எல்லாரையும் குறிக்கிற படம்” என்றாள். “அவங்க தனி ஆள்தாம்மா” என்றேன். ஏதோ நகைச்சுவை சொல்லிவிட்டதைப்போலச் சிரித்தாள். சமத்துவ வாரத் தொடக்க விழாவில் நான் உங்களைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டுமாம். படத்தை மாட்டுவதற்கு உங்கள் குடும்பத்தில் ஒருவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கி இன்றைக்கே அனுப்ப வேண்டுமாம். உயிரோடு இருந்தபோது எதற்காவது உங்கள் சம்மதத்தைக் கேட்டார்களா இவர்கள்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த பிளெக்ஸைக் கிழித்து மிளகு காயப்போடும் தார்ப்பாய்க்கு ஒட்டுப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. சுருட்டி பீரோவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தேன். நான் எப்போதும் அவ்வளவுதான், உங்களுக்குத் தெரியாதா.

அந்தப் படம் எடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. போட்டோ எடுக்கிறார்கள் என்று நீங்கள் வாடாமல்லி நிறச் சேலை கட்டி, தலை வாரிப் பூ வைத்து வந்தீர்கள். படம் எடுக்கச் சென்னையிலிருந்து வந்தவர் உங்களை மேலும் கீழும் பார்த்து, “மலை ஃபீல் வரலையே” என்றார். காரிலிருந்து ஒரு பையை எடுத்து வந்து மணியையும் இறகையும் மேசைமேல் கொட்டினார். நீங்கள் அதை ஒரு விரலால் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இது எந்த ஊரு வேசமுங்க? எங்க அம்மாயி காலத்துல கூட இப்படியொன்னு யாரும் மாட்டுனதில்லீங்களே” என்றீர்கள். கொட்டகையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்து, “கொஞ்ச நேரம்தான், போட்டுக்கோ” என்றேன், உங்கள் பெயரைச் சொல்லி.

ஆமாம், பெயரைச் சொல்லித்தான். சென்னை ஆட்கள் வந்தால் நீங்கள் எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆள். அவர்கள் கார் வளைவில் மறைந்ததும் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவரை அப்படிக் கூப்பிட எனக்கு நாக்கு கூசியதே இல்லை. நீங்களும் அதற்கு ஏற்றபடி அவர்கள் முன்னால் ‘மேடம்’ என்பீர்கள், தனியாக இருந்தால் ‘கண்ணு’. ஒரு நாளாவது மாற்றிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அது உங்கள் சாமர்த்தியமாகத் தெரிந்தது. உங்களுக்கு அது எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை.

நம் கொள்முதல் மையத்தின் பதிவேட்டில் உங்கள் வேலை, கூட்டிப் பெருக்குவதும் மூட்டை தைப்பதும். ஒன்பது வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. உண்மையில் இந்த மலையிலிருந்து கம்பெனி வாங்கிய மிளகு முழுவதையும் தரம் பார்த்தது உங்கள் பல்லுதான். நான் இங்கே வந்து சேர்ந்த முதல் மாதம், பனி இறங்கிய காலைகளில் ஈரம் பார்க்கும் மெஷின் எல்லா மிளகையும் ஈரம் என்று சொல்லும். நானும் மெஷினை நம்பி, திருப்புலி நாட்டு மலையூர்களிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்தவர்களை வந்த வழியே திருப்பி அனுப்பினேன். மூன்றாவது நாள் நீங்கள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்தீர்கள். மூட்டையின் நடுவில் முழங்கை வரை கையை விட்டு நாலு மிளகை எடுத்து, ஒன்றைக் கடைவாயில் வைத்துக் கடித்தீர்கள். படக்கென்று சத்தம் எனக்கே கேட்டது.

“காஞ்ச மொளகு கண்ணு இது. மேல பட்ட பனியத்தான் உன்ற மெசினு ஈரம்ங்குது. ஒரு மணி நேரம் கொட்டகைல பரத்திப் போட்டுட்டு அப்புறம் வெச்சுப் பாரு” என்றீர்கள்.

பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இருந்தது. அன்றிலிருந்து நம் மையத்தில் முதலில் பரப்புவது, பிறகு பத்துப் பெண்களும் நீங்களுமாக மூட்டைக்கு ஒரு கை அள்ளிக் கடித்துப் பார்ப்பது, கடைசியாகத்தான் மெஷின் என்று ஆனது. எங்கேயோ கடல் தாண்டிப் போய்ப் பூசணம் என்று திரும்பி வந்துகொண்டிருந்த சரக்கு திரும்புவதும் நின்றது.

ஒரு நாள் ஒரு வியாபாரி கொண்டுவந்த மிளகை மெஷின் நல்லது என்றது. நீங்கள் கடித்தீர்கள், சத்தமே இல்லை. துப்பிவிட்டு, “வெயில்ல ஒரு நா காட்டி மேல மட்டும் காய வெச்சிருக்காருங்க. உள்ள பச்சையாக் கெடக்குது” என்றீர்கள். அந்த ஆள் உங்களைப் பார்க்கவே இல்லை, என்னிடம் திரும்பி, “கூட்டிப் பெருக்கறவளுக்கு இங்க என்னங்க பேச்சு? மெசினவிட மலைக்காரி பல்லு ஒசத்தியா?” என்றான். நான் சரக்கைத் திருப்பினேன். தரச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். வாயை மூடிக்கொண்டு போய்விட்டான். அதற்காக நான் ரொம்பப் பெருமைப்பட்டேன் அக்கா, உங்களைக் காப்பாற்றிவிட்டதாக.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? “நீ கையெழுத்துப் போட்டதால போறான். அந்தச் சீட்டுல என்ற பேரு இருந்துச்சுன்னா என்ற வாய்க்கும் பதில் சொல்லோணுமில்ல.”

அதுதான் நீங்கள் கேட்ட ஒரே விஷயம். தர அலுவலர் என்று ஒரு வேலை, சீட்டில் உங்கள் கையெழுத்து. மகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்த அன்று இன்னொரு தடவை சொன்னீர்கள். படிவத்தில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் அவள் கூலி என்று எழுதியதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “தப்பா எழுதல. ஆனாலும் அது படிப்ப முடிக்கறதுக்குள்ள வேற ஒன்னு எழுதோணும் கண்ணு.” அதைச் சொல்லிவிட்டுச் சட்டென்று சாக்கு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டீர்கள்.

இதையெல்லாம் புரிந்துகொள்ளாத கல்மனசுக்காரியா நான்? மலையடிவாரத்தில் காரவள்ளிக்குக் கீழே தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்து, அப்பாவோடு மல்லுக்கு நின்று படித்து, இந்தக் கம்பெனியின் முதல் பெண் மைய மேலாளர் ஆனவள். முதல் பெண் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். கூட்டத்துக்குப் போனால், “மேடம் இருக்காங்களே, டீ, ஸ்வீட்டெல்லாம் அவங்க பாத்துப்பாங்க” என்பார்கள். நான் சொன்ன யோசனையைப் பத்து நிமிடம் கழித்து ஒரு ஆண் சொன்னால் கை தட்டுவார்கள். ஒரு தடவை அப்படித் திரும்பி வந்து கொட்டகைக் குழாயடியில் முகம் கழுவுகிற சாக்கில் அழுதேன். நீங்கள் பின்னால் வந்து நின்று, “அட கெரகத்தே, அவனுகளுக்காகவா அழுவற? மூஞ்சியத் தொடச்சுட்டு வா, லோடு வந்துருச்சு” என்றீர்கள். அன்றைக்கு மனதுக்குள் சபதம் எடுத்தேன், நான் ஒருகாலும் இவர்களைப்போல ஆக மாட்டேன் என்று. நல்ல சபதம்!

பிறகுதான் அந்த விருது வந்தது. ‘உங்கள் உழைப்பு, உங்கள் பெயர்’ என்று போஸ்டர் ஒட்டினார்கள். கீழ்மட்டத்தில் இருந்து ஒரு நல்ல வேலைமுறையைக் கண்டுபிடித்தவர் அவரே விண்ணப்பிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இருப்பவர் ஜெயித்தால் தகுந்த பதவியில் நிரந்தரம். படித்ததும் உங்களிடம் ஓடி வந்தேன். அப்போது நான் யோக்கியமாகத்தான் இருந்தேன், அதையாவது நம்புங்கள். படிவத்தைக் கொடுத்து, “நீங்களே உங்க கையால எழுதுங்கக்கா” என்றேன்.

மறுநாள் கொண்டுவந்து கொடுத்தீர்கள். முத்து முத்தான கையெழுத்து. ‘செய்தவர் பெயர்’ என்ற இடத்தில் பதினோரு பெயர்கள். மூத்த பாட்டியம்மாவில் தொடங்கி, மிளகு கடித்துப் பார்க்கும் பெண்கள் அத்தனை பேரும். உங்களுடையது கடைசி.

“என்னக்கா இது, உங்க பேரு கடைசில இருக்கு?”

“பின்ன? என்ற பேர நானே முன்னால போடறதா? எங்கூர்ல நாலு பேரு கூடிச் செஞ்ச வேலைக்கு எவளாச்சும் தம்பேர முன்னால சொன்னா, யாரும் ஒன்னும் சொல்லமாட்டாங்க. அடுத்த அறுப்புக்குக் கூப்பிடாம உட்ருவாங்க.”

அங்கேயே உட்காரவைத்து, அக்கா, இந்தக் கம்பெனி உங்கள் ஊர் மாதிரி இல்லை, இங்கே தன் பெயரைத் தானே தம்பட்டம் அடிக்கிறவளுக்குத்தான் அடுத்த வேலை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லச் சோம்பல் பட்டேன். அப்படியே அனுப்பினேன்.

நாலு நாள் கழித்து மெயில் வந்தது. இது தனிநபர் விருது, பதினோரு பெயரை ஏற்க முடியாது, ஒரே பெயர் போதும், மாலை ஐந்து மணிக்குள் அனுப்பவும். நீங்கள் முப்பது அடி தூரத்தில் கொட்டகையில் உட்கார்ந்து மூட்டை தைத்துக்கொண்டிருந்தீர்கள். ஜன்னல் வழியாகத் தெரிந்தீர்கள். மணி நாலே முக்கால்.

என் பெயரை அடித்து அனுப்பினேன்.

ஏன் என்று பல தடவை எனக்கு நானே விளக்கம் சொல்லியிருக்கிறேன். அந்த முறையைக் கணினியில் வரைந்து படமாக்கியது நான்தானே என்று. கூட்டுகிற பெண்ணுக்குக் கொடுக்க மாட்டார்கள், வீணாகப் போவதற்கு நம் மையத்துக்காவது கிடைக்கட்டும் என்று. எல்லாம் பொய். ஒப்பந்தக்காரர்களை மனதில் வைத்துத்தான் அந்த விருதையே வைத்தார்கள். என்னை டீ வாங்கிவரச் சொன்ன அந்த ஆண்கள் எழுந்து நின்று கை தட்டுவதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எனக்குப் பேராசை. அவ்வளவுதான்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். “நான் உங்க பேரைத்தான்க்கா அனுப்பினேன். எவ்வளவோ பேசிப் பார்த்தேன். மேல என் பேரா மாத்திட்டாங்க.” எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா! ஒரு தடங்கல் இல்லை. நீங்கள் என் முகத்தையே சிறிது நேரம் பார்த்தீர்கள். “போச்சாது உடு கண்ணு. எனக்காக இத்தன தூரம் பேசினியே” என்றீர்கள்.

சென்னையில் மேடையேறினேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். ‘என் குழுவுக்கு நன்றி’ என்றேன். அந்தக் குழுவுக்குப் பெயர் இருந்ததா? பதினொன்று இருந்தன, நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தீர்கள், எனக்கு மனப்பாடமாகவே தெரியும். ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எனக்குக் கூட்டங்களில் டீ வந்தது. நம் முறையை மற்ற மையங்களுக்கும் கொண்டுபோனார்கள், என் பெயரிலேயே. சீட்டில் என் கையெழுத்துத்தான் தொடர்ந்தது. நீங்கள் கூட்டினீர்கள், தைத்தீர்கள், கடித்தீர்கள். இரண்டு வருடம் ஓடியது.

இந்த வருடம் மிளகு பறிப்பு முடிவதற்கு முன்னாலேயே நீங்கள் போய்விட்டீர்கள். வீட்டுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். போர்வையில் கட்டி ரோட்டுக்குத் தூக்கி வந்து வண்டியில் ஏற்றினார்கள். வண்டி பாதி வளைவுகள்கூட இறங்கியிருக்காது, அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் உங்கள் வீட்டுக்கு வந்தேன். சொந்தபந்தம் நிறைந்திருந்தது. உங்கள் வீட்டுக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து வந்து, எல்லார் முன்னாலும், “இந்த அம்மாதானுங்க என்ற ஊட்டுக்காரிக்காக மெட்ராஸ் வரைக்கும் சண்ட கட்டுனது. அவ சொல்லிச் சொல்லி மாஞ்சு போவா” என்றார். பெரியவர்களுக்கும் முன்னால் எனக்குப் பாய் விரித்தார்கள், முதல் இலை எனக்குப் போட்டார்கள். உங்கள் மகள்தான் பரிமாறினாள். தலையைத் தூக்கவே இல்லை. துக்கம் என்று நினைத்தேன். சோறு தொண்டையில் இறங்காது என்று சொல்வார்கள். எனக்கு இறங்கியது அக்கா. இரண்டாம் தடவை ரசமும் வாங்கிக்கொண்டேன்.

இன்று மத்தியானம் சம்மதக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் இருக்கும் திண்ணனூர் நாட்டுக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி அதே ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். உங்கள் வீட்டுக்காரர் மரவள்ளிக் காட்டுக்குப் போயிருந்தார். மகள் தனியாக இருந்தாள். படிப்பை முடித்துவிட்டாள், சேலத்தில் வேலை தேடுகிறாள். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். பார்த்தாள். காகிதத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள். உங்களைப் போலவே நிதானம்.

“இதுல எங்கம்மா பேரு எங்கீங்க?”

“போடச் சொல்றேன் சாமி” என்றேன்.

“சரிங்க, போட்டுட்டு எடுத்துட்டு வாங்க” என்று காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள்.

அப்படியே திரும்பி வந்திருக்கலாம். ஏனோ முடியவில்லை. மூன்று நிமிடம் உங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொன்னார்களே, அதில் எதைச் சொல்வது? வாசலில் நின்றபடியே சொன்னேன். “அன்னிக்கு உங்கம்மா பேரை மேல யாரும் மாத்தலை சாமி. நான்தான் அனுப்பவே இல்லை. என் பேரை அனுப்பினேன்.”

அவள் அழுவாள், அல்லது கத்துவாள், போடி வெளியே என்பாள் என்று எதிர்பார்த்தேன். அது வந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்!

“தெரியுமுங்க” என்றாள்.

“என்ன சாமி?” என்றேன்.

“அம்மாவுக்கும் தெரியுமுங்க. நீங்க அனுப்புன அடுத்த நாளே மூட்டை நம்பர் ஏத்தறதுக்குக் கம்ப்யூட்டர்கிட்ட வந்துச்சாம். உங்க மெயில் தொறந்தே இருந்துச்சு. இங்கிலீசு புரியலைன்னு போன்ல படம் புடிச்சு எனக்கு அனுப்புச்சு. நாந்தானுங்க படிச்சுச் சொன்னேன்.”

அப்படியானால், நான் பொய் சொன்னபோது நீங்கள் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது எல்லாம் தெரிந்துகொண்டுதான். “அப்பறம் ஏன் சாமி என்கிட்ட கேக்கலை?” என்று எப்படியோ கேட்டேன்.

“நானும் அதத்தானுங்க கேட்டேன். ‘பொறு, அது நல்ல புள்ளதான், தானா வாயத் தொறந்து சொல்லும்’ன்னுச்சு. அப்பாகிட்டயும் நெசத்தச் சொல்லக்கூடாதுன்னுருச்சு. சொன்னா ஊட்டுப்பக்கமே உங்கள உடமாட்டாருன்னு.” மடித்த சேலை ஒன்றை எடுத்து இன்னொரு தடவை மடித்தாள். “காலேஜ்ல இருந்து தெனமும் சாயங்காலம் போன் போட்டுக் கேப்பனுங்க, சொன்னாங்களான்னு. ‘இன்னைக்கு மேடத்துக்கு வேலை சாஸ்தி’ன்னு சொல்லும். ரெண்டு வருசமா அதே பதிலுதானுங்க.”

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இப்போது ஆபீசில் யாருமில்லை, வெளிச்சம் இன்னும் இருக்கிறது. அந்த இரண்டு வருடத்தை ஒவ்வொரு நாளாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தினமும் நாலரைக்கு இரண்டு டம்ளர் டீ எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்காருவீர்கள். ஒரு கால் மணி நேரம் எழுந்திருக்க மாட்டீர்கள். பேசவும் மாட்டீர்கள், நான்தான் பேசுவேன். என் பையனின் மார்க், என் மாமியாரின் முழங்கால், சென்னைக்காரர்களின் திமிர். நான் வாங்கி வந்த விருதை வைக்கக் கண்ணாடி அலமாரி வாங்கலாமா என்றுகூட உங்களிடம் யோசனை கேட்டிருக்கிறேன். வாங்கு கண்ணு, தூசி படாம இருக்கும் என்றீர்கள். என் பேச்சு தீர்ந்து நான் போனை எடுத்த பிறகுதான் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “வாரேன் கண்ணு” என்று கிளம்புவீர்கள். பாதையில் ஏறும்போது மகளின் போன் வரும். நீங்கள் அவளுக்கு அந்தப் பதிலைச் சொல்லியிருப்பீர்கள்.

அந்தப் பதில் ஒன்றுதான் இனி என்னோடு இருக்கும். அக்கா, எனக்கு ஒரு நாளும் அந்த நேரத்தில் வேலை இருந்ததில்லை.